பிள்ளை முகம் திருப்பிய பஸ்

மூன்றாம் வகுப்போடு கல் சுமக்கப் போய்க் கொத்தனார் ஆனவன் நான். நாரணாபுரத்துக் கல்யாண மண்டபம், எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஷெட்டுகள் அத்தனையும் நான் எழுப்பியவை.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கம்பெனி வாசலில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிப் பெண்கள் இருவர். வேலை முடித்து ஏறியவள் தாய். அவளுடைய ஏழு மாதப் பிள்ளையை அண்ணன் பெண்டாட்டி பால் குடிக்கத் தூக்கி வந்திருந்தாள்.

"மதினி, பிள்ளை என்னைய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுது."

"வெடிமருந்து நாத்தத்தோட வந்தா? நானே தள்ளித்தான் உக்காந்திருக்கேன்."

"சிரிக்காதீக. எடை ஏறலைன்னு அங்கன்வாடியில சொல்லிட்டாக. குடிக்காமலே விட்டா பால் வத்திருமோன்னு பயமா இருக்கு."

"கிழங்கு மசிச்சு ஊட்டுனேன், ரெண்டு வாய்தான் தின்னான். நீ கம்பெனியிலயே குளிச்சிட்டு வாயேன்."

"அங்கன எங்க குளிக்க? அம்புட்டு ஷெட்டு கட்டியிருக்காக, ஒரு மறைப்பு இல்ல."

மறுபடி அணைத்துப் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

இறங்கியதும் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். பெண்கள் குளிக்க நாளைக்கே அறை கட்டத் தொடங்குகிறேன் என்றேன். எனக்குக் கூலி வேண்டாம். ஆனால் வாசலில் பதிக்கும் கல்லில் முதலாளி பேரை மட்டும் பொறித்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பேரும் இருக்க வேண்டும்.