கோமானுக்கு ஒரு தட்டு

சூப் தளும்பாமல் மேசையை மேலே ஏற்றுவதற்குக் கை பழக வேண்டும். சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் மேசைவிரிப்பு நனைந்துவிடும். மெதுவாகச் சுற்றினால் சூப் ஆறிவிடும். எங்கள் அரசர் லியோன்ஹார்ட்டுக்கு இரண்டுமே ஆகாது. இந்தச் சாப்பாட்டு மண்டபத்தின் நடுவில் கம்பளம் போட்டு மூடியிருக்கிறதே, அதற்கு அடியில் சமையலறை வரைக்கும் நேராக இறங்கும் ஒரு துவாரம் இருக்கிறது. கீழே மேசையில் உணவை எடுத்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், மேசை அப்படியே மேலே போய் அரசர் முன்னால் நிற்கும். சாப்பிடும்போது எந்த மனித முகமும் தன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அரசருக்கு நிஜமாகவே பைத்தியமா? நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிடுவேன். நீங்கள் ஒருவர்தான், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

முதலில் நான் மேலேதான் வேலை பார்த்தேன். அரசரின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. என் முகத்தைப் பார்க்கிறீர்கள் அல்லவா, மூக்கு சப்பை, இடது கண் சற்றுக் கீழே இழுத்திருக்கும். ஒரு நாள் அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற என்னையும் பார்த்துவிட்டார். "இந்த மூஞ்சிய மூடச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஒரு கறுப்புத் துணி முகமூடி தைத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைப் போட்டிருந்தேன். விட்ட மூச்சே துணியில் பனியாக உறைந்து உதட்டில் ஒட்டும். கிராமத்து மதுக்கடையில், "என்னடா கோர்பினியன், மூஞ்சிய எங்க அடகு வெச்சிருக்க?" என்று கேட்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன். ஈஸ்டர் முடிந்ததும் என்னைக் கீழே சக்கரத்துக்கு அனுப்பினார்கள். சமையலறையில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் உத்தரவு உத்தரவுதான், முகமூடியைக் கழற்ற விடவில்லை.

அரசருக்குப் பகல் பிடிக்காது. நடுப்பகலில் திரைகளை இழுத்து மூடச் சொல்லி, கூரையில் வரைந்திருந்த நிலாவுக்குப் பின்னால் விளக்கை ஏற்றச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவார். மேசையில் எப்போதும் இரண்டு தட்டு. இரண்டாவது, அவருடைய முப்பாட்டனுக்கெல்லாம் முப்பாட்டனான ரூப்ரெக்ட் கோமானுக்கு. சுவரில் உள்ள படத்தில் கவசத்தோடு நிற்கிறாரே, அவர்தான். அரசர் அவரோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். அந்தத் துவாரத்தின் வழியே பேச்செல்லாம் எங்கள் காதில் விழும். கோமானின் பங்கு தொடாமல் கீழே இறங்கி வரும். சமையல்காரி வால்புர்காவும் நானும் அதைப் பகிர்ந்து தின்போம். செத்தவர் சாப்பாடு என்று நாங்கள் அருவருப்புப்பட்டதில்லை.

ஒரு நாள் மேலே அவர் கேட்டார், "நேத்து மீன் எப்படி இருந்துச்சு?" மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரல் கம்மிவிட்டது. அந்த ஓடை மீனை முந்தின நாள் தின்றவன் நான். அதனால் துவாரத்தின் அடியில் நின்று, பாதிரியார் பிரசங்கம் செய்கிற தோரணையில் சொன்னேன், "நன்றாக இருந்தது. உப்புதான் சற்றுக் குறைவு."

மேலே அரசர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வால்புர்கா கரண்டியைப் பிடித்த கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரக்கத்தில் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. மழை, வேட்டை, அமைச்சர்களின் தொல்லை என்று எல்லாவற்றுக்கும் அவர் கோமானிடம் யோசனை கேட்டார். வடக்குக் கோபுரத்தை இன்னும் உயர்த்தலாமா என்று கேட்டபோது, உயர்த்தலாம் என்றேன். உயர்த்தினார்கள். வெளியே போகும்போது பாருங்கள், அந்த மேல் பாதி என்னுடையது. என் முகத்தைப் பார்க்கச் சகிக்காதவர் என் வார்த்தைக்குக் காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் நான் இனி முகமூடி போட வேண்டாம் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. அரசர் ஏன் திடீரென்று என்னை நினைத்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. அரசர் தன் கையால் கோமானின் தட்டில் எடுத்து வைக்கிற மீன் துண்டு பெரிதாகிக்கொண்டே போனதையும் நான் யோசிக்கவில்லை.

வால்புர்கா மட்டும் விடவில்லை. "வேணாம்டா கோர்பினியன். பெரிய எடத்து விளையாட்டு. நீயா போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள். அந்த வாரமே, சமையல் ருசிக்கவில்லை என்று துவாரத்தின் வழியே கோமான் அரசரிடம் சொல்லிவிட்டார். வால்புர்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். வயதான பெண், முழங்கால் வலி வேறு, ஓய்வு தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். கோட்டைக்கு வரவில்லை. கீழே விடுதியில் தங்கி வேலைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பன்றி வறுவலும் பியரும் கொடுத்து விசாரித்தார்கள். என்னிடம் முதலில் கேட்டது முகமூடியைப் பற்றி. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி என்னிடம் பரிவாகக் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

கண்ணுக்குத் தெரியாதவர்களோடு அரசர் பேசுவாரா? பேசுவார் என்றேன். பதில் வருவதாக நினைக்கிறாரா? ஆமாம், கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்றேன். மண்டபத்தில் வேறு யாராவது இருப்பார்களா? ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்றேன். சிலுவையில் கை வைத்துத்தான் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அரசரை நேரில் பார்க்காமலே, எங்கள் பேச்சை வைத்து, அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று வைத்தியர்கள் முடிவு செய்தார்கள்.

அரசரைப் பிடித்துப்போக வருகிறார்கள் என்ற சேதி எப்படியோ மேலே கோட்டைக்கு வந்துவிட்டது. வண்டிக்காரன் குவிரின் குதிரைகளைப் பூட்டி வைத்துவிட்டு மண்டபத்துக்கே ஓடினான். கீழிருந்து கேட்டேன். "மகாராஜா, கெளம்புங்க. மலைக் கணவாயத் தாண்டினா ஆஸ்திரியா எல்லை. ஊர்ச் சனமெல்லாம் மண்வெட்டியோட நிக்குது, ஒருத்தனையும் உங்ககிட்ட அண்ட விடாது." அரசர் அவனை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு துவாரத்துக்கு வெகு அருகில் அவர் குரல் கேட்டது.

"எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான். போகட்டுமா, இருக்கட்டுமா?"

எல்லை தாண்டினால் அங்கே வேறு வைத்தியர்கள் அவரை உட்கார வைத்துப் பேசுவார்கள். அவர் சொல்லுகிற கோமான் யார் என்று தேடுவார்கள். தேடினால் சக்கரத்தடிக்குத்தான் வருவார்கள். இதெல்லாம் நான் யோசித்தேன். யோசிக்க நிறைய நேரம் தேவைப்படவில்லை.

"அரசன் தன் கோட்டையை விட்டு ஓடுவதில்லை" என்றேன்.

"சரி" என்றார். நன்றியும் சொன்னார். குவிரின் அழுதுகொண்டே குதிரைகளை அவிழ்த்தான். சாயங்காலம் அதிகாரிகள் வந்து அவரைக் கூட்டிப் போனார்கள்.

ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் வைத்தார்கள். அவர் பழக்கவழக்கம் தெரிந்தவன் என்று என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே கதவில் ஒரு துளை போட்டு, அவர் சாப்பிடுவதை வைத்தியர்கள் மாறி மாறிப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். யாராவது பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இரண்டு தட்டு கேட்டார், கொடுத்தார்கள். இரண்டும் நிறைந்தபடியே திரும்பி வந்தன. ஆள் குச்சியாக இளைத்துப்போனார். அவரைச் சாப்பிட வைக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

ஒரு மதியம் நான் கதவுக்கு வெளியே தட்டோடு நின்றிருந்தேன். பக்கத்தில் வைத்தியர். உள்ளேயிருந்து அந்தப் பழைய கேள்வி வந்தது. கோமானைக் கூப்பிடவில்லை.

"கோர்பினியன், மீன் எப்படி இருந்துச்சு?"

முகமூடி ஏன் கழன்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன் துண்டு யாருக்காகப் பெரிதானது என்றும் உறைத்தது. குதிரைகள் பூட்டி நின்ற அன்று அவர் கேட்டது கோமானை இல்லை, என்னை. ஆதியிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறத்தியாரின் முகம் பார்த்துப் பேசத் தெரியாத மனிதர், முகம் தெரியாமல் பேச ஒரு ஆள் கிடைத்தான் என்று இருந்திருக்கிறார்.

வைத்தியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்னையா கூப்பிடறாரு?"

உப்பு குறைவு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சாப்பிட்டிருப்பார்.

"இல்லீங்கய்யா" என்றேன். "கண்ணுக்குத் தெரியாத யார்கிட்டயோ பேசறாரு. அதான் அப்பவே சொன்னேனே."

வைத்தியர் அதை எழுதிக்கொண்டார். அதன் பிறகு அரசர் யாரையும் கூப்பிடவில்லை, எதையும் கேட்கவில்லை, தண்ணீரையும் தள்ளிவிட்டார். அந்த மாதம் முடியும் முன்பே அடக்கம் செய்தோம். நல்ல சாட்சி சொன்னவன் என்று இந்தக் கோட்டையைக் காட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

வெட்கத்தில் நான் மீன் தின்பதை விட்டுவிட்டேன். ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு ராஜா, தன் உயிரையும் நாட்டையும் எடுத்து என் கையில் கொடுத்து, நீ சொல்லு, இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்டார். என்னை நம்பிக் கேட்டார். அவருக்குப் பைத்தியம் என்று என் சத்தியத்தை வைத்து எழுதியது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.