மோதகத்துக்கு ஒரு மாத்திரை

தடாலென்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து ஓடிவந்த விசாலம், கணவர் கிட்டு ஷூ ஸ்டாண்டோடு சேர்ந்து தரையில் கிடப்பதைப் பார்த்தாள். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ரிட்டயராகும் வரை நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்த மனுஷர். இப்போது சட்டை தெப்பலாக நனைந்து, கண் எங்கோ நிலைத்திருந்தது. அவள் அண்ணன் பெண் பார்கவி அதே ஊரில், ஹடப்சர் ஆஸ்பத்திரி ஒன்றில் எமர்ஜென்சி டாக்டர். விசாலத்தின் விரல் அவள் நம்பரைத் தானாகவே தேடியது.

"ஹலோ... பார்கவி, அத்தை பேசறேன்... டோல் கொட்டற சத்தம்டி, கீழ சொசைட்டில கணபதி விழா. இரு, ஜன்னலைச் சாத்தறேன்... அத்திம்பேர் விழுந்துட்டார்... இல்ல, இல்ல, மூச்சு இருக்கு. பேசறார். அதான் பயமா இருக்கு. என்னை மேடம்ங்கறார்... ஆமாம், மேடம். ஃபைலை நாளைக்கு அனுப்பிடறேன் மேடம்ங்கறார். கல்யாணமாகி இப்படி ஒரு மரியாதையை நான் பாத்ததே இல்ல...

"வாய் கோணலா? இல்லடி, எப்பவும் போலத்தான்... ஏன்னா, ரெண்டு கையையும் தூக்குங்கோ... தூக்கிட்டார். சல்யூட் வேற அடிக்கறார்... வேர்வையா, கொட்டறது. கை நடுங்கறது... ஆமாம்... ஆமாம்... சக்கரை மெஷினா? இருக்கு. இரு, குத்தறேன்... நாப்பத்தொண்ணு. ஏண்டி, இது நல்லதுதானே? இருநூறுக்குக் கீழ இறங்காத மனுஷர்... கத்தாதே. சரி, சரி. ஆபத்து. புரியறது.

"முழுங்கறார். நன்னா முழுங்கறார்... சக்கரைத் தண்ணியா? சக்கரைக்காரருக்குச் சக்கரையா?... சரி, நீதான் டாக்டர். ஆனா ஆத்துல சக்கரை இல்லையேடி... ஒரு சிட்டிகைகூட இல்ல. வெல்லம், தேன் எல்லாத்தையும் நான்தான் ஒழிச்சேன்... ஒளிச்சு வெச்சிருப்பாரா? அது என்னமோ வாஸ்தவம். ஏன்னா, ஸ்வீட் எங்க வெச்சிருக்கேள்?... டாப் சீக்ரெட்டாம், பார்கவி."

விசாலம் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்.

"மிஸ்டர் கிட்டு. மேடம் கேக்கறேன். ஆர்டர்."

கிட்டு பணிவாக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அலமாரிமேல் இருந்த ஹெல்மெட்டைக் கைகாட்டினார்.

"கெடைச்சுடுத்துடி. மாம்பழ ஜூஸ் பாக்கெட், நாலு. ஹெல்மெட்டுக்குள்ள... ஹான், நிமித்தி உக்கார வெச்சுட்டேன். கொஞ்சம் கொஞ்சமா உறியச் சொல்றேன்... மயங்கினா வாயில ஒண்ணும் ஊத்தப்படாது. சரி. போனை வெக்காதே, பார்கவி. தயவுபண்ணி வெக்காதே."

ஸ்ட்ரா உறிஞ்சும் சத்தத்தை இரண்டு பெண்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பாக்கெட் காலியானது. கிட்டு தலையை உதறிக்கொண்டு ஏதோ சொன்னார். விசாலம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"'ஏண்டி, ஷூவெல்லாம் ஏன் இப்படிக் கெடக்கு'ங்கறார். சரியாயிட்டார்டி. மரியாதை போயிடுத்து... மறுபடி குத்தினேன், எழுபத்தெட்டு... அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு? ஜூஸ் கரைஞ்சுட்டா மறுபடி இறங்குமா?... எதனாலன்னு அவரையே கேக்கறேன், இரு... கேட்டியா கதையை? மத்தியானம் ஆரத்தி முடிஞ்சு கீழ மோதகமா மொக்கியிருக்கார். ஏறினது இறங்கட்டும்னு, காலம்பற போட்ட சக்கரை மாத்திரை போறாதுன்னு இன்னொண்ணு போட்டுண்டாராம். கணக்கு இலாகா மூளை. வரவுக்கு ஒரு செலவு... நன்னாத் திட்டு. என் பங்குக்கும் சேத்துத் திட்டு...

"கிளம்பிட்டோம். ஜாதவ் பாவூ, லிஃப்ட் தாம்பவா, தாம்பவா... உன்னை இல்லடி, வாட்ச்மேனை. லிஃப்டை நிறுத்தி வெக்கச் சொன்னேன்... மாத்திரை அட்டையா? கையிலயே இருக்கு... இன்னிக்குக் காலம்பற பிரிச்சதுதான்... எத்தனை குறையறதுன்னா... மூணு.

"...ஆமாம், அவர் ரெண்டுதான்ங்கறார்... கடைக்காரன் குறைச்சுக் குடுத்திருப்பான்... அட்டைல எப்படிக் குறைப்பான்னு அவனைன்னா கேக்கணும்... மயக்கத்துல மறந்திருப்பார். நீ ரெண்டுன்னே வெச்சுக்கோயேன்... வெச்சுக்கப்படாதா... குளுக்கோஸ் எத்தனை நேரம் ஏத்தறதுன்னு அதை வெச்சுத்தானா... சீக்கிரம் அனுப்பிட்டா, தூக்கத்துலயே மறுபடி... போறும். சொல்லாதே."

லிஃப்டுக்குள் வாட்ச்மேனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கிட்டு, ரெண்டுதான் என்று விரலைக் காட்டினார். அந்த இரண்டு விரல்களை விசாலத்தால் நேராகப் பார்க்க முடியவில்லை. லிஃப்டுக்கு வெளியே நாலடி தள்ளிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"பார்கவி, ஸ்பீக்கர்ல போடலையே?... பக்கத்துல யாரும் இல்லையே?... அவர் பொய் சொல்லலைடி. அவர் மோதகம் திங்கறதைப் பால்கனிலேர்ந்து பாத்துட்டு, மூணாவதை நான்தான் பொடி பண்ணி மோர்ல கலந்து குடுத்தேன்."