அம்மாவின் ஒறுத்தல்

டீ வேண்டாம் மேடம். சர்க்கரை போட்டிருக்கிறீர்கள்; நான் விட்டு இரண்டு வருஷமாகிறது. சோற்று ஆசை வந்தால் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுப் படுப்பேன், அடங்கிவிடும். என்னால் முடிந்தது அம்மாவால் ஏன் முடியாது?

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது ஊட்டச்சத்து. அப்பா சர்க்கரை நோயில் காலை இழந்து, பிறகு செத்தே போனார். உபகாரம் என்பது அம்மாவின் பெயர்; அவளுக்கும் அதே நோய். அவளோ மாதா படத்துக்குப் பின்னால் வெல்லம் ஒளித்துவைப்பாள். பிடித்தால் சிரிப்பாள். "கரும்பு வெட்டுற கைடி. இனிப்பு கேக்காம இன்னா கேக்கும்?"

தவக்காலம் வந்தது. தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "எங்கம்மா ஈஸ்டர் வரைக்கும் சோறும் இனிப்பும் வுட்டு ஒறுத்தல் இருக்குது. கேட்டாலும் யாரும் குடுக்காதீங்க." அம்மாவை நான் கேட்கவில்லை. ஜெபம் சொல்லும் இடத்தில் அவளால் மறுக்க முடியாது என்று தெரிந்துதான் அங்கே சொன்னேன்.

பேலியோ முறை. முட்டை, கீரை, கோழி. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே. சோற்றைக் குறைத்தால் அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் போனால் முதலில் இரண்டு இட்லி கொடு என்பார். போகவில்லை.

கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றாள். ஆசை அடங்கும்போது உடம்பு அப்படித்தான் அழும் என்றேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அமுதா அக்காவிடம் போய்ச் சர்க்கரை கேட்டிருக்கிறாள்.

"இன்னா உபகாரம், சாத்தான் சக்கரை கேக்குதா? ஈஸ்டர் வரைக்கும் தாங்கு" என்று அக்கா சிரித்தார்களாம். அடுத்த வீட்டிலும் அதே சிரிப்பு. நல்லவர்கள். என் பேச்சைக் கேட்டார்கள்.

கரும்புக் கொல்லை ஓரத்தில் அம்மாவைப் பிடித்தேன். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கழியைத் தோகையோடு கடித்துக்கொண்டிருந்தாள்.

"அனிட்டா, கண்ணு இருட்டிக்கினு வருதும்மா... வுட்டுடு."

வாயிலிருந்து பிடுங்கி எறிந்தேன். விழுந்தாள். விழுந்த பிறகும் கை கரும்பின் பக்கம்தான் நீண்டது. அதைக் காலால் தள்ளிவிட்டேன். நடிப்பு முடியட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

வாக்குமூலத்தில் நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன், கைநாட்டு எங்கள் வீட்டில் என்னோடு ஒழிந்தது. ஆனால் ஆம்புலன்சில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இருபத்து நான்கு. அதையும் சேர்த்து எழுதுங்கள். அப்பாவுக்கு எந்த டாக்டராலும் முந்நூறுக்குக் கீழே இறக்க முடியவில்லை, மேடம். நான் இறக்கிக் காட்டினேன்.