கிளாப்புக்கு முன்னால்

— அது எந்த டேக், ஹெட்விக்? திரும்பப் போடு.

— அஞ்சாவது தடவை பாக்குற, ரூனே. உட்கார்ந்து பாரேன். நீ குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா எனக்குத் தலை சுத்துது.

— உட்காரத்தான் முடியல. மூணு மணி காபிக்கு அஸ்த்ரீட் ஏலக்காய் பன்னோட வந்து உட்கார்ந்துடுவா. தயாரிப்பாளர் மூஞ்சி சுளிச்சா, டைரக்டர் நான்தானே பதில் சொல்லணும்.

— எனக்கு மட்டும் பதறாதா? எட்டு வருஷம் அடுத்தவனுக்கு அசிஸ்டன்ட்டா குப்பை கொட்டியாச்சு. எடிட்டர்னு என் பேர் வர்ற முதல் எபிசோட் இது. அவளுக்குப் பிடிச்சாத்தான் மீதி ஏழும் எனக்கு.

— அதுக்குத்தாம்மா சொல்றேன். கடைசி ஷாட்டைத் தூக்கிடு. அம்மா வேஷத்துல மைலிஸ் ஜன்னலோரமா நின்னு பாக்குறா பாரு, அது. அப்படிப் பாக்கச் சொல்லி நான் சொல்லவே இல்ல.

— அதனாலதான் நல்லா இருக்கு.

— கிண்டலா?

— இல்லப்பா. நீ எடுத்த ஆறு டேக்குலயும், மகன் படகேறிப் போறான்னு அம்மாக்காரி மூக்கைச் சிந்துறா. ஒண்ணையும் என்னால நம்ப முடியல. இது கிளாப் அடிக்கிறதுக்கு முன்னாடி. கேமரா ஓட ஆரம்பிச்சிடுச்சு, நீ இன்னும் ஆக்‌ஷன் சொல்லல. சும்மா நிக்கிறா. திடீர்னு தலையத் தூக்கி ஒரு பார்வை. அதை எடுத்து வெச்சுக்கிட்டேன்.

— நடிக்காதப்ப எடுத்ததை நடிப்புன்னு காட்டுறது திருட்டு.

— போன படத்துல உன் கதாநாயகன் கொட்டாவி விட்டதைத்தான் பெருமூச்சுன்னு வெச்சோம். விருது வாங்குறப்ப நீ ஒண்ணும் சொல்லலியே.

— சால்வை இடப்பக்கம் கிடக்கு. முந்தின ஷாட்டுல வலப்பக்கம்.

— அந்த மூஞ்சிய விட்டுட்டு சால்வையப் பாக்குறவன் டிவிய அணைச்சுட்டுப் படுக்கட்டும்.

— ஃபோகஸ் கூட லேசா...

— காலையிலேர்ந்து இது மூணாவது சாக்கு. நிஜம் என்ன, ரூனே?

— அவ கடலைப் பாக்கல. என்னைப் பாக்குறா.

— அப்புறம்?

— கேமரா பக்கத்துல நான்தான் நின்னேன். நாலாவது எபிசோடுல உன் பாத்திரம் செத்துடுது மைலிஸ்னு அப்பதான் சொன்னேன். இருபது வருஷமா என்கூட வேலை பாக்குறவ. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, வேலைக்கு நடுவுல போட்டு உடைச்சுட்டேன். வெட்கமா இருக்கு, போதுமா? அந்தப் பார்வைய சுவீடன் பூராவும் பாக்கணுமா?

— சால்வை, ஃபோகஸ்னு சுத்தி வளைச்சு இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆச்சு.

— விளையாடாத. பாரு, நமக்குள்ள ஒரு பேச்சு. நீ இதை எடுத்துடு. அஸ்த்ரீட்கிட்ட நானே பேசறேன். மீதி ஏழு எபிசோடும் உனக்குத்தான். என் வார்த்தை.

— உன் வார்த்தை.

— ஏன் அப்படிச் சிரிக்கிற?

— ஒண்ணுமில்ல. ஷாட் இருக்கும், ரூனே. நேத்தே மைலிஸைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன். இருக்கட்டும்னுட்டா.

— அவளுக்கு எதுக்குக் காட்டின? உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

— அவ சட்டையில குத்தின மைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. படத்தையும் சத்தத்தையும் ஒண்ணு சேர்க்கிறவ நான். நீ சொன்னது முழுக்கக் கேட்டேன். அப்புறம் அவளுக்கு ஆறுதல் சொன்னியே, அதையும் கேட்டேன்: "மனசை விட்டுடாத மைலிஸ், உனக்காவது நாலு எபிசோட் இருக்கு. ஹெட்விக்கை முதல் எபிசோடோட மாத்தப்போறோம், அவகிட்ட இன்னும் சொல்லல."