நீட்டி ஊதிய சங்கு

ஓடுகிறோம். நான்கு பேர். கிடங்கின் இரும்புப் படிக்கட்டுக்கு அடியில் நுழைகிறோம். ஏமனில் ஒரு துறைமுகம். செவ்வாய்க்கிழமை. காலை 10.42. முதல் குண்டு படகுத்துறையின் மறுபக்கம் விழுந்தது. முதலில் சீறல். பிறகு இடி. பிறகு கூரைத் தகரங்கள் விழும் ஓசை. ஏழு தகரம். எண்ணினேன்.

நான் அந்தக் கிடங்கில் எழுத்தர். சந்திரன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். இருவரும் மட்டாஞ்சேரித் தமிழர். ஒரே பள்ளி. ஒரே பெஞ்சு. மற்ற இருவர் சுமை தூக்கும் பீகார்காரர்கள், ராஜேஷும் மனோஜும்.

நான்கு நிமிடம் அமைதி. பிறகு சங்கு.

அங்கே இருந்தது ஒரே சங்கு. வேலை தொடங்கவும் முடியவும் ஊதுவது. குண்டுவீச்சுக்கென்று தனிச் சங்கு கிடையாது. காவலாளி பொத்தானை அழுத்துகிறார். விரலை எடுக்கவில்லை. ஒரே சீரான நீண்ட ஒலி. பதினான்கு விநாடி.

எழுபத்தொன்றில், போரின்போது, எங்கள் பள்ளியில் கற்றுத்தந்தார்கள். ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. பெஞ்சுக்கு அடியில் போ. நீட்டி ஊதினால் ஆபத்து நீங்கியது, எழுந்து வா. நாங்கள் மறக்கவில்லை.

"முடிஞ்சுதுடா. வெளிய போலாம்." சொன்னது நான்.

"வண்டி ஓடிட்டே கிடக்கு. ஆஃப் பண்ணிட்டு சாயா குடிப்போம்," என்றான் சந்திரன்.

முதலில் அவன். பின்னால் அந்த இருவர். காவலாளி கையை ஆட்டி அரபியில் கத்துகிறார். புரியவில்லை. நான் இடது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சந்திரன் பத்தொன்பது அடி நடந்தான். இருபதாவது இல்லை. இரண்டாவது குண்டு.

காவலாளி கத்தியது, "வெளியே வராதீர்கள்" என்று. மறுநாள் ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார்.

இப்போது நான் மட்டாஞ்சேரியில். என் தெருவில் ரீத்தா, இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அங்கே முதலில் கைபேசி கத்துமாம். பிறகு ஊர்ச் சங்கு ஏறி இறங்குமாம். அவள் இருக்கும் ஊரில் தொண்ணூறு விநாடி அவகாசம். வீட்டுக்குள்ளேயே காங்கிரீட் அறை. "ஒறக்கமே போச்சு அங்கிளே, சங்கு கேட்டுக் கேட்டு," என்று சலித்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். தொண்ணூறு விநாடி. படிக்கட்டுக்கும் வண்டிக்கும் இடையே ஆறு முறை போய் வரலாம்.

குவைத்தில் என் மருமகன். அங்கே மூன்று ஒலி. விட்டு விட்டு ஊதினால் ஆபத்து வருகிறது. ஏறி இறங்கினால் வந்துவிட்டது. நீட்டினால் போய்விட்டது. அவன் கட்டடத்தின் கதவில் அதைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். படம் அனுப்பினான். அந்தத் தாளைப் பெரிதாக்கிப் படித்தேன். அவன் உயிரோடிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். தாளின் மேல்தான் பொறாமை. மூன்று வரி. எங்களுக்கு அந்த மூன்று வரியை எழுத யாரும் இருக்கவில்லை.

அண்மையில் இங்கேயும் ஒத்திகை நடந்தது. சங்கு ஏறி இறங்கியது. பிறகு நீட்டியது. சந்திரனின் மனைவி சரோஜா, இஞ்சிக் கிடங்கில் தரம் பிரிப்பவள், முறத்தோடு வாசலில் நின்றாள்.

"முதல்ல ஊதுனா ஆபத்து, நீட்டுனா தீந்துச்சு. அவரு சொல்லித் தந்திருக்காரு," என்றாள். "அங்கயும் ஒண்ணு ஊதியிருந்தா பிழைச்சிருப்பாருல்ல அண்ணாச்சி?"

ஏமனிலிருந்து திரும்பிய நாளில் நான் அவளிடம் சொன்னது இது: அங்கே சங்கே இல்லை. அதையே அவள் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். அன்றும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் எழுதும் இந்தத் தாளை நாளை அவளிடம் படித்துக் காட்டுவேன். அவள் படித்தது மலையாளப் பள்ளி. தமிழ் பேச வரும், படிக்க வராது. என் வாயால்தான் கேட்டாக வேண்டும்.

இழந்தவை. சந்திரன், ராஜேஷ், மனோஜ். ஆள் மூன்று. என் இடது காது. ஒரு செருப்பு.

சங்கு ஒன்று. ஊதியது. "முடிஞ்சுது" என்று சொன்னவன் ஒருவன்.