பெயர் தேடும் சங்கு

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் பெரியமுத்து அண்ணாச்சி அவர்களே, மண்டபத்தில் இடம் போதாமல் வெளியே மழையில் நிற்கிற என் தோட்டத்து லய வீட்டுச் சொந்தங்களே, உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

நான் ஆர்த்தி. 'ரோலிங் ரூம்' இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். எங்கள் பாடகன், இந்த மலையின் 'இரும்புக்குரல்' ஜினோ, போன வாரம் கம்பம்மெட்டு இறக்கத்தில் ஜீப் கவிழ்ந்து நம்மை விட்டுப் போய்விட்டான். அவனைப் பற்றி நானா இங்கே நின்று பேச வேண்டும்!

இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்றால் என்ன? பூட்டிக் கிடந்த நம் தேயிலை பேக்டரியின் இரும்பை இரும்பால் அடித்து, அதன்மேல் கிட்டாரை அலறவிட்டு, நம் அப்பன் ஆத்தாள் காதைச் செவிடாக்கிய அதே இரைச்சலைப் பாட்டாக்குவது. "இது பாட்டாலே? தகரக் கொட்டகை சரியுத சத்தமால்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி. அந்தச் சத்தத்தைத்தான் மும்பையின் பெரிய இசைக் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டு வாங்கியது. யாரால்? ஜினோவால்!

ஆல்பத்தின் பெயர் 'இரண்டாம் சங்கு'. அதன் கடைசிப் பாட்டுக்கு, பேக்டரிக் கூரைமேல் இருந்த சங்கு வேண்டும் என்றான். ஷிப்டுக்கு ஊதுவது அல்ல, சாவுக்கு ஊதுகிற நீளச் சங்கு. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பேக்டரி ஓடிய காலத்தில் லயத்தில் ஒருவர் இறந்தால் சங்கு ஊதும். ஓய்ந்ததும் வாட்ச்மேன் பேக்டரிப் படியில் நின்று இறந்தவர் பெயரைக் கூவுவார். பெயரைக் கேட்டபிறகுதான் அழுகை எழும்.

ஒரு சாயங்காலம் ஜெனரேட்டர் வைத்து ஊதினோம். கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார் சாந்தம்மாள் அக்கா. "யாருக்குலே ஊதுனீங்க? பேரு சொல்லாம விடாதீங்கலே. சங்கு சும்மா போவாது, பேரைத் தேடும்" என்றார். ஜினோ சிரித்துக்கொண்டே படியேறினான். "எம் பேரையே சொல்லிருதேன்க்கா" என்றவன், பனிக்குள் கூவினான்: "ஜினோ!" மைக்கை நாங்கள் அணைக்கவில்லை.

கீழே லயத்து வாசலில் நின்றிருந்தார் அவன் அம்மா ஞானஜோதி. சங்கு கேட்டது. பெயர் கேட்டது. கூவியது யார் என்று அந்தப் பனியில் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அழுத அழுகை மேடேறி வந்தது. ஐயோ, அதை நான் எந்த வாயால் சொல்வேன்! மகனைப் பார்த்ததும் ஓங்கி அறைந்தார். அப்புறம் அவன் கையை விடவே இல்லை.

அந்த அழுகையும் பதிவாகிவிட்டது. "யார் இந்தப் பாடகி? இந்தக் குரல்தான் ஆல்பமே" என்றது கம்பெனி. அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான் ஜினோ. கேட்பதற்குள் போய்விட்டான். இறந்தவன் தன் பெயரைத் தானே கூவினான் என்று விளம்பரம் செய்யலாமாம் இப்போது!

அடக்கத்தன்று அம்மா அழவில்லை. கல்நெஞ்சு என்று முணுமுணுத்தீர்களே, கேளுங்கள். அந்தப் பாட்டை ஹெட்போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "சங்கு இருக்கட்டும். அவன் பேரும் இருக்கட்டும். எம் அழுகையை மட்டும் எடுத்துரு தாயி. உசுரோட நின்ன பிள்ளைக்கு அழுதது அது. இப்ப அழப் போனா அதுதான் முந்திக்கிட்டு வருது" என்றார்.

எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. பாட்டைப் போட்டுப் பார்த்தபோது, அந்த மௌனம் வந்ததும் நானும் கிட்டார் வாசிக்கிற ஜோபியும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பினோம். யாரும் இல்லை. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

ஜினோ, உன் பெயரால் சொல்கிறோம். உன் ஆல்பம் வெளிவரும். அம்மாவின் அழுகை இல்லாமல் வரும். உன் சாவை விற்கிற விளம்பரம் இல்லாமல் வரும். கம்பெனி மறுத்தால் ஒப்பந்தத்தைக் கிழித்துக்கொள்ளட்டும், பேக்டரி வாசலில் நின்று வாசிப்போம்!

சொந்தங்களே, பேக்டரிச் சங்கைப் பழைய இரும்போடு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் ஜினோவுக்குச் சங்கு ஊதவில்லை. இப்போது இந்தக் கூரைமேல் கட்டிய ஸ்பீக்கரில் ஊதப்போகிறோம். பெயர் கூவ வாட்ச்மேனும் இல்லை, அவன் குரலே கூவும். ஞானஜோதி அம்மா இங்கே இல்லையே என்று தேடாதீர்கள். லயத்து வாசலில், அன்று நின்ற அதே இடத்தில் போய் நிற்கிறார்.

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள். பெயர் கேட்டபிறகு யாரும் வாய் திறக்காதீர்கள். அந்த மௌனம் அம்மாவுக்கென்று விட்டது.

ஜோபி, போடு.