அன்புக்கரசியின் இடது கால்

வாடகைக்கு ரூம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஃபேனைப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்புக்கரசி இரண்டையும் செய்ய மாட்டாள் சார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தெருவுக்குப் போய் மண்ணை மிதித்துப் பார்ப்பாள். மண் பிடிக்கவில்லை என்றால் அரண்மனையாக இருந்தாலும் வேண்டாம் என்றுவிடுவாள். இதனால் விருத்தாசலத்தில் எத்தனை வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறோம் தெரியுமா.

அவள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். நல்லூர்ப் பக்கத்துப் பெண். நான் ஸ்ரீமுஷ்ணம். காலேஜில் இருவரும் ஒரே வகுப்பு. சுனாமிக்கு அடுத்த வருஷம், செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஆதிலட்சுமி அக்காவின் மாடி ரூமைப் பிடித்தோம். எதிரே பீங்கானில் ஃபியூஸ் கேரியர் செய்கிற கம்பெனி. துணி காயப்போட்டால் வெள்ளைப் பொடி படியும். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து கிரவுண்டுக்குப் போகிற வண்டிப்பாதை மெத்தென்று இருந்தது. விடியுமுன்னே கேட்டைத் திறந்துவிட அக்காவும் சம்மதித்தார். அன்புவுக்காக நானும் ஒத்துக்கொண்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த ரூமில் எப்போதும் விட்டுக்கொடுத்தவள் நான்தான்.

என் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் அக்கா பஸ்ஸில் பழகிய ஒருவனோடு போய்விட்டாள். அதிலிருந்து பஸ் என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு ஆகாது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் போய்வர விடவில்லை. படிப்பையே நிறுத்தி, மாமா மகன் கோவிந்தராசுவுக்கு என்னைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். கோவிந்தராசு லாரி ஓட்டுகிறான். குடித்தால் கை நீட்டுவான், ஊருக்கே தெரியும். அந்தச் சமயத்தில்தான் அன்பு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையைக் குனிந்தபடி மோர் வாங்கிக் குடித்தாள். அப்பாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"இந்தப் பொண்ணு கூட இருக்கறவரைக்கும் படி. அது கெளம்புனா நீயும் வூட்டுக்கு வந்துரணும்" என்றார். அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

இந்த ஜனவரியில் நெய்வேலிப் பக்கம் ஓட்டக்காரப் பெண்களுக்கென்று ஒரு ஹாஸ்டல் திறந்தார்கள். முட்டை, பால், கோச், எல்லாம் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்டு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே தங்கி, பஸ்ஸில் காலேஜுக்கு வந்துபோகலாம். போகலாமா, இங்கேயே இருக்கலாமா என்று அன்பு என்னிடம்தான் யோசனை கேட்டாள். நான் இரண்டு பக்கமும் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அலைச்சல், புது மனுஷர்கள், ஹாஸ்டல் சாப்பாடு, ஒன்றையும் விடவில்லை.

அவள் சிரித்தாள். "அங்க டிராக்கே போட்டிருக்காங்கடி. நீ வேற ஒரு பொண்ண கூட வச்சிக்கயேன்" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். என் நிலைமை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் காலை நான் உடைக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் எடுக்கிற வாரம், ஓடிவிட்டுத் திரும்பும்போது, பாதையோரம் கொட்டியிருந்த பீங்கான் உடைசல் மேல் கால் வைத்துப் புரட்டிக்கொண்டாள். இடது கணுக்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாசக்கணக்கில் படுக்கச் சொல்வார்கள் என்று பயந்து, அவளேதான் சுளுக்குக்கும் முறிவுக்கும் கட்டுப் போடுகிற வைத்தியர் பழமலையிடம் போகலாம் என்றாள். அவர் தடவிப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, வெறும் சுளுக்கு என்றார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்துத் துணியைச் சுற்றினார். அன்பு வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதனால் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ராத்திரியில தளத்தி வுடு பாப்பா. வெரலு சில்லுன்னு ஆனாலோ மரத்துப்போனாலோ ஒடனே அவுத்துப்புடு. ஞாயித்துக்கெழம ஓடிரும் இது."

அவர் சொன்னதில் எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தங்கியது.

அன்று இரவு கட்டைப் பிரித்து மறுபடி கட்டினேன். வைத்தியர் இறுக்கிக் கட்டச் சொன்னார் என்றேன். முழங்காலை ஊன்றிக்கொண்டு, துணியை இழுக்க முடிந்த மட்டும் இழுத்தேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். சீக்கிரம் ஓட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை, அதனால் பொறுத்துக்கொண்டாள். மறுநாள், "வாசு, வெரலெல்லாம் மரத்துப்போச்சுடி" என்றாள்.

"மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன்.

விரல்கள் சில்லென்று இருந்தன. குளிருமே என்று சாக்ஸ் போட்டுவிட்டேன். வலிக்கு மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அவளுக்குத் தலை சீவினேன், ரசம் சோறு பிசைந்து ஊட்டினேன். அந்த நாட்களில் அவள் ஹாஸ்டல் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ரூமில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை அவள் தூங்கும்போது சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. வாடை வந்தது. பயமாகத்தான் இருந்தது சார், நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் அப்போது அவிழ்த்தால் ஆஸ்பத்திரி, அவளுடைய அப்பா, கேள்வி, எல்லாம் வரும். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று நினைத்தேன். வேறு சாக்ஸ் மாட்டி, கட்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலில் அவள் உளற ஆரம்பித்தாள். ஆதிலட்சுமி அக்கா மேலே வந்து பார்த்துவிட்டு அலறி ஆட்டோ கூப்பிட்டார். கடலூர் ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்டதால் வந்த வினை என்று டாக்டர் எழுதியதால் பழமலையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அன்புவும் அவர் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். வாசுகி தன்னைக் கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்றும் சொன்னாளாம். நீங்கள் சாட்சிக் கையெழுத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். அந்த மனுஷனை விட்டுவிடுங்கள். அவர் சரியாகத்தான் கட்டினார். இறுக்கியது நான். தெரிந்துதான் இறுக்கினேன்.

ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். நேற்று அப்பா வந்தார். அந்தப் பெண்ணே ஊருக்குப் போய்விட்டாள், உனக்கு இங்கே என்ன வேலை என்றார். சித்திரையில் கோவிந்தராசுவோடு கல்யாணம். எனக்கு ஏப்ரலில் பரீட்சை. ஜெயிலில் இருந்துகொண்டே பரீட்சை எழுதி பாஸானவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். அங்கே வந்து அப்பா என்னைக் கூட்டிப்போக முடியாது அல்லவா. புத்தகமெல்லாம் ரூமில் இருக்கிறது, அன்புவிடம் சொன்னால் எடுத்துவந்து கொடுப்பாள். பஸ் ஏறுவதுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரமம். ஆனாலும் வருவாள் சார், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.